திரும்பி வந்த பற்கள்

பல் கட்டும் லேபிலிருந்து ஒரு நல்ல செட் வெளியே போனால் அதோடு சரி. அது வாயில் எப்படி உட்கார்ந்தது, எத்தனை வருஷம் மென்றது என்றெல்லாம் எங்களிடம் யாரும் வந்து சொல்வதில்லை. திரும்பி வருவதெல்லாம் உடைந்தது, கழன்றது, ஆடுவது, கறுத்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவை அப்படித் திரும்பி வந்தவைதான்.

1980களின் நடுவில், சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லேபில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பிறகு அதற்கான படிப்பையும் முடித்துவிட்டுச் சொந்தமாக லேப் வைத்தேன். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். பல்லைச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் எங்களுக்கு ‘டென்டல் மெக்கானிக்’ என்று பெயர் வைத்தது. வாய்க்குள் கைவைத்து வைத்தியம் பார்க்க எங்களுக்கு உரிமை கிடையாது. டாக்டர் கூப்பிட்டால் நிறம் பார்க்கவோ, செட் உட்காரும் விதத்தைப் பார்க்கவோ கிளினிக்குக்குப் போய் ஓரமாக நிற்போம். மற்றபடி நோயாளிக்கு எங்களைத் தெரியாது.

ஆனால் சொந்தக்காரர்களுக்குத் தெரியுமே. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, எந்தப் பல்லு கட்டுனா நல்லது?” என்று கேட்பார்கள். விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்ற நினைப்பில்தான் கேட்பார்கள். ஒற்றை வரியில் என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

நான் சேர்ந்த காலத்தில் லேப் என்றால் ஒரு பெஞ்சு, ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, பாலிஷ் போடும் மோட்டார், மண்ணெண்ணெய் ஸ்டவ். அக்ரிலிக் பவுடரையும் திரவத்தையும் குழைத்து, பித்தளைப் பெட்டிக்குள் பிளாஸ்டர் அச்சில் அழுத்தி, இறுக்கிப் பூட்டித் தண்ணீரில் வேகவைப்போம். உலகம் முழுக்கச் செட்டுகள் அதற்கு முன்பு கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில் செய்யப்பட்டன. 1937வாக்கில் அக்ரிலிக் வந்து அதை ஒதுக்கியது. ஈறின் இளஞ்சிவப்பு நிறத்தை அப்படியே கொடுக்கிறது. உடைந்தால் ஒட்டவும் வருகிறது. இன்றைக்கும் கழற்றி மாட்டும் பல் செட்டில் பெரும்பாலானவை அக்ரிலிக்தான்.

முதலாளி அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம் ஸ்டவ்வை ஏற்றாதே என்பது. அந்தத் திரவம் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதித்துவிடும். அது கெட்டியாகும்போது தானாகவும் சூட்டைக் கிளப்பும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் செட்டின் தடித்த பகுதிக்குள் குமிழ்கள் நின்றுவிடும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை. எழுபத்துச் சொச்சம் டிகிரியில் மணிக்கணக்காக நிதானமாக வெந்தால்தான் பலம். “நாளைக்குக் காலையில வேணும்” என்று டாக்டர் வாங்கிய செட்டுகளில் பல, நடுவில் பிளந்து திரும்பி வந்தன. உடைந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வரிசையாகக் குமிழ்கள்.

ஆத்தூர், ராசிபுரம், மேட்டூர், தருமபுரி டாக்டர்கள் அளவுகளைப் பஸ்ஸில்தான் அனுப்புவார்கள். கண்டக்டரிடம் ஒரு பொட்டலம். பையன் போய் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வருவான். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற மாவில்தான் அளவெடுப்பது வழக்கம். அதில் பெரும்பகுதி தண்ணீர். காற்றுப் பட்டால் சுருங்கும், நனைந்தால் உப்பும். எடுத்த கால் மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த அளவில் செய்த பல், வாயில் சரியாக உட்கார வழியே இல்லை. “டாக்டர், கிளினிக்லயே ஊத்தி, மாடலா அனுப்புங்க” என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினோம். கேட்டவர்களின் வேலை திரும்பி வருவது குறைந்தது. கேட்காதவர்கள் லேபை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நாட்களில் பல் கட்டியவர்கள் எல்லாரும் பட்டம் பெற்றவர்கள் அல்ல. சட்டம் வருவதற்கு முன்பே தொழில் செய்தவர்கள் என்று பதிவு பெற்றவர்கள் இருந்தார்கள். ஹூபே பகுதியிலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் தலைமுறையாகப் பல் வைத்தியம் பார்த்தன. அவர்களில் சிலரின் கைத்திறன் அபாரமானது. இவர்கள் தவிர, சந்தை நாட்களில் பெட்டியோடு உட்காரும் ஆட்களும் உண்டு. சூடில்லாமல் தானே இறுகும் அக்ரிலிக்கை நேராக ஈறின் மேல் அப்பி, ஒரு ரெடிமேட் பல்லைச் செருகி, பக்கத்துப் பற்களில் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் ‘ஃபிக்ஸ்’ பல். கழற்ற முடியாது என்பதையே அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதுதான் அதன் கேடு. அடியில் சோறும் அழுக்கும் தங்கி ஈறு அழுகும். இரண்டு வருஷத்தில் கம்பி சுற்றிய பற்களும் ஆடும். ஒரு பல் போனவர் மூன்று பல் போய் டாக்டரிடம் வருவார். மலிவாகக் கிடைத்ததன் விலை அந்தப் பக்கத்துப் பற்கள் இரண்டும்.

முழுச் செட்டில் மேல் செட் பற்றிய புகார்கள் குறைவு. அண்ணத்தின் அகலம் முழுவதும் எச்சிலால் ஒட்டி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வம்பெல்லாம் கீழ்ச் செட்டில்தான். அதற்குக் கிடைப்பது ஒரு குறுகிய மேடு. உள்ளே நாக்கு தள்ளுகிறது, வெளியே கன்னம் தள்ளுகிறது. அந்த மேடும் நிலைப்பதில்லை. பல்லைப் பிடுங்கியதும் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்கும். முதல் வருஷத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாக ஆயுள் முழுக்கவும் கரையும். மேல் தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று 1970களிலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அது பிளாஸ்டர் மாடலிலேயே தெரியும். ஒரே நோயாளியின் பத்து வருஷம் முந்தைய மாடலையும் புதிய மாடலையும் பக்கத்தில் வைத்தால், மேடு இருந்த இடம் தட்டையாக, சில பேருக்குப் பள்ளமாகவே இருக்கும்.

ஓமலூர் பக்கத்து ஆயா ஒருவருக்கு மகன் செட் கட்டிக் கொடுத்தார். மேல் செட்டைப் போட்டுக்கொள்வார். கீழ்ச் செட் அலமாரியில் கிடந்தது. டாக்டர் கேட்டபோது, “களி முழுங்கறதுக்குப் பல்லு எதுக்கு சாமி? பேரன் கல்யாணத்துக்குப் போட்டோ புடிக்க மேல இருந்தாப் போதும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ராகிக் களியை யாரும் மெல்வதில்லை. உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்குவதுதான் வழக்கம். ஆனால் கறியும் கீரைத்தண்டும் கடலையும் தட்டைவிட்டுப் போய்விட்டதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பல்லில்லாதவர்கள் மெலிவதற்கு மெல்ல முடியாததை ஒவ்வொன்றாக விடுவதும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி முன்பே இருந்தது, பயன்படுத்தியவர்கள்தான் குறைவு. கீழே இரண்டு கோரைப்பற்களின் வேராவது உறுதியாக இருந்தால் பிடுங்காமல், வேர் சிகிச்சை செய்து ஈறு மட்டத்துக்கு வெட்டி, அதன்மேல் செட் கட்டலாம். வேர் இருக்கும்வரை அந்த இடத்து எலும்பு பெரிதாகக் கரையாது. “எல்லாத்தையும் புடுங்கிட்டு ஒரேயடியா செட் போட்டுடுங்க” என்று வருபவர்களிடம் பொறுமையாக இதை எடுத்துச் சொன்ன டாக்டர்கள் சிலர்தான். அவர்களின் நோயாளிகளுடைய கீழ்ச் செட் மட்டும் ஆடுகிறதென்று வருவது அபூர்வம். வேரும் இல்லையென்றால், எலும்பில் பதிக்கும் டைட்டானிய இம்பிளான்ட் இரண்டு போதும். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு முதலில் சொல்ல வேண்டிய சிகிச்சை இரண்டு இம்பிளான்ட்டில் மாட்டும் செட்தான் என்று அறிவித்தார்கள். பட்டன் போல மாட்டிக் கழற்றலாம். உள்ளே இருக்கும் வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். என்னைப் பொறுத்தவரை, வயதானவர்களுக்குச் செலவழித்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

1990களில் காற்று பிரிட்ஜ் பக்கம் திரும்பியது. நிக்கல்-குரோம் உலோகத்தை வார்த்து, மேலே பீங்கான் பூசி, 900 டிகிரிக்கு மேல் சுட்டெடுக்கும் பல். கழற்ற வேண்டாம், பார்ப்பதற்குச் சொந்தப் பல் மாதிரி. ஒரு பல் போன இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவி, மூன்றையும் சேர்த்து ஒரே துண்டாக மாட்டுவார்கள். லேபுகளுக்கு நல்ல காலம். இரவு பகலாகச் செய்தோம்.

ஏழெட்டு வருஷம் கழித்து அவை திரும்பி வரத் தொடங்கின, சும்மா வரவில்லை. பிரிட்ஜுக்குள் நோயாளியின் சொந்தப் பல்லே முறிந்து உட்கார்ந்திருக்கும். பிரிட்ஜ் அப்படியே பளபளப்பாக இருக்கும். உள்ளிருக்கும் பல் கறுத்து, சுரண்டினால் உதிரும். கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், சொத்தை உள்ளே போய்விடும். பிரிட்ஜுக்கு அடியில் நூலோ சிறு பிரஷ்ஷோ விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவர்களில் பலருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு வகை, பேராசைப் பிரிட்ஜ். நடுவில் நான்கு பல் இல்லை. இருபுறமும் ஒவ்வொரு பல்தான் துணை. இரண்டு மாட்டு வண்டியில் ஆறு மாட்டுப் பாரத்தை ஏற்றும் கதை. இல்லாத பற்களின் வேர்ப்பரப்பு எவ்வளவோ, தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு அதற்குக் குறையக் கூடாது என்று 1926லேயே ஆன்ட் என்பவர் ஒரு கணக்குச் சொன்னார். அதில் விதிவிலக்குகள் உண்டு. கணக்கே பார்க்காமல் செய்தவை மட்டும் ஆடித்தான் வந்தன. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால் பிரிட்ஜ் சரியான வழி. சொத்தையே இல்லாத இரண்டு பற்களை ஒரு பல்லுக்காக ராவுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். ராவிய எனாமல் திரும்ப முளைக்காது.

நாதஸ்வர வித்வான் ஒருவருக்கு மேல் முன்பற்கள் போயின. சாதாரண அக்ரிலிக் செட் கட்டினார்கள். பேச, சாப்பிட எல்லாம் சரி. சீவாளியை உதட்டில் வைத்து ஊதினால் செட் அசைந்தது, காற்று ஒழுகியது. முகூர்த்த மாதம் நெருங்கியதால் டாக்டர் என்னையும் வரச் சொன்னார். மெழுகில் பல் அடுக்கிப் பார்க்கும் கட்டத்தில் சீவாளியை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டச் சொன்னோம். உதட்டுக்குப் பின்னால் பல் எங்கே நிற்க வேண்டும் என்று அவரே விரலால் தொட்டுக் காட்டினார். பார்வைக்கு அழகான இடத்திலிருந்து பற்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளினோம். அடித்தகட்டை கோபால்ட்-குரோமில் வார்த்து, மீதமிருந்த பற்களின் மேலேயே அது உட்காரும்படி செய்தோம். மெல்லியது, வளையாது, ஊதினாலும் அசையாது. வார்ப்பு உலோகச் செட் கழற்றி மாட்டுவதுதான். ஆனால் பாரத்தை ஈறின் மேல் போடாமல் பற்களின் மேல் போடும். வேலை அதிகம், லாபம் குறைவு என்பதால் லேபுகள் அதைப் பரிந்துரைப்பதே இல்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

பேச்சுக்கும் இதே கதைதான். மெழுகுக் கட்டத்தில் எங்கள் டாக்டர் ஒருவர் நோயாளியைச் ‘சரஸ்வதி’ என்று சொல்லச் சொல்வார். விசில் வந்தால் முன்பற்களுக்குப் பின்னால் இடம் சரியில்லை. ‘வாவா’ என்று சொல்லும்போது கீழுதடு மேல் பல்லின் நுனியைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் பல் குட்டை. இந்த ஐந்து நிமிடம் செலவழிக்காத செட்டுகளைப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காகக் குழறிப் பேசுபவர்கள் உண்டு.

நிறம் தனிக் கலை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளும் பழுப்புப் பட்டைகளும் இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் முன்பே பதிந்த கறையை எந்தக் குடிநீரும் அழிக்காது. பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவருக்கு முன்பல் கேப். வந்த சீட்டில், நிறம் ஒப்பிடும் மாதிரிக் கட்டையின் மிக வெளுத்த நிறத்தை எழுதியிருந்தார்கள். அதைப் போட்டுப் பார்த்தபோது சிரித்தால் அந்த ஒரு பல் மட்டும்தான் தெரிந்தது. “மத்ததோட சேராம தனியா மின்னுதுங்க” என்று அவரே வேண்டாம் என்றார். அவரை ஜன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து, பழுப்புச் சாயத்தைப் பீங்கானில் தீட்டி, திட்டும் பட்டையுமாகச் சுட்டெடுத்தோம். எந்தப் பல் கட்டியது என்று அவர் வீட்டிலேயே கேட்டார்களாம். டியூப் லைட்டுக்கு அடியில் பல்லின் நிறம் பார்க்கக் கூடாது. சினிமாக்காரரின் வெள்ளையை எல்லார் வாயிலும் வைக்கவும் கூடாது.

இம்பிளான்ட் எங்கள் பக்கம் பரவலானது 2000க்குப் பிறகுதான். அதன் கதை 1950களில் சுவீடனில் தொடங்குகிறது. பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயலின் காலெலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தியிருந்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டு விடவில்லை. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானிய இம்பிளான்ட்களைப் பொருத்தினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை உழைத்தன. பக்கத்துப் பல்லைத் தொடாமல் ஒரு பல்லைக் கட்ட முடிந்தது எங்கள் தொழிலில் பெரிய மாற்றம்.

ஆயுளுக்கும் கவலையில்லை என்று சொல்லி விற்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் உண்டு. கடித்தால் அமுங்கிக் கொடுக்கும், அழுத்தம் அதிகமானால் மூளைக்குச் சொல்லும். இம்பிளான்ட்டில் அது கிடையாது. அதனால் கேப்பின் கடியை நுட்பமாகக் குறைத்து வைக்க வேண்டும். குறைக்காதவை பீங்கான் தெறித்தும் ஸ்குரூ தளர்ந்தும் வந்தன. கட்டுக்குள் வராத சர்க்கரை, புகைப்பழக்கம், ஈறு நோய் மூன்றும் அதற்கு எதிரி. சொந்தப் பல் போலவே அதைச் சுற்றியும் எலும்பு கரையும். வளரும் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. தாடை வளர, மற்ற பற்கள் நகர, இம்பிளான்ட் மட்டும் போட்ட இடத்திலேயே நின்று பள்ளத்தில் இருப்பது போலத் தெரியும். அவர்களுக்குப் பல்லை அதிகம் ராவாமல், பின்புறம் ஒட்டும் சிறகு வைத்த பிரிட்ஜ் நல்ல ஏற்பாடு.

இம்பிளான்ட்டில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டிய சங்கதி வேறு. வேறு ஊரில் எட்டு வருஷம் முன்பு போட்டது; கேப் ஆடுகிறது. ஸ்குரூவை இறுக்க வேண்டியது ஐந்து நிமிட வேலை. எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று நோயாளிக்குத் தெரியாது. போட்ட கிளினிக் மூடிவிட்டது. ஒவ்வொரு கம்பெனி ஸ்குரூவுக்கும் ஒவ்வொரு திருப்புளி. எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகித்து, ஊர் ஊராகப் போன் செய்து தேடியிருக்கிறோம். கிடைக்காமல் நல்ல இம்பிளான்ட்டை அப்படியே புதைத்துவிட்ட டாக்டர்களும் உண்டு.

இப்போது பெஞ்சில் மெழுகு குறைந்துவிட்டது. வாயை ஸ்கேன் செய்த கோப்பு நொடியில் வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பையன் போவதில்லை. கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து சிர்கோனியாக் கட்டியில் மெஷின் கடைகிறது. சுமார் 1,500 டிகிரியில் சுடும்போது அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும் என்பதால், முன்கூட்டியே பெரிதாகக் கடைகிறார்கள். உலோகத்தின் கறுப்பு விளிம்பு இல்லை, உடைவதும் குறைவு. ஆனால் ரத்தமும் எச்சிலும் மூடிய விளிம்பை ஸ்கேனரும் பார்க்காது. ஆல்ஜினேட் காலத்தில் தப்பான அளவு தப்பான பல்லைத் தந்தது. ஸ்கேன் காலத்தில் அதே தப்பு சீக்கிரமாக நடக்கிறது.

பந்தியில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். எந்தப் பல் நல்லது என்பதை அது உட்காரப்போகும் எலும்பும், பக்கத்துப் பல்லும், தினமும் அதைச் சுத்தம் செய்யும் கையும்தான் முடிவு செய்கின்றன. விலைப்பட்டியல் முடிவு செய்வதில்லை. எனவே டாக்டரிடம் கேளுங்கள்: இந்த வேரைக் காப்பாற்ற வழி உண்டா? பக்கத்துப் பல்லை ராவாமல் முடியுமா? ஐந்து வருஷம் கழித்து இதில் பழுது வந்தால் யார், எப்படிச் சரிசெய்வார்கள்? இம்பிளான்ட் போட்டால் கம்பெனி பெயர், அளவு, வரிசை எண் எழுதிய அட்டையை வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். செட் கட்டினால் இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், வெந்நீரில் போட்டால் கோணிவிடும். கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரம் இருக்கட்டும். வாஷ்பேசினில் விழுந்துதான் பாதி செட் உடைகிறது. உடைந்தால் பெட்டிக்கடைப் பசையால் ஒட்டாதீர்கள், துண்டுகளை அப்படியே கொண்டு வாருங்கள். கட்டிய பல் எதுவானாலும் வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்.